ராகு விழுங்கிய நிலா: புராணம் என்பது பழங்காலத்து அறிவியலா?

கேள்வி இதுதான்: "இடிக்கு இந்திரன், கிரகணத்துக்கு ராகு, நிலநடுக்கத்துக்குப் பூமியைத் தாங்கும் பாம்பு. காரணம் தெரியாத காலத்தில் இயற்கைக்கு மனிதர்கள் சொல்லிக்கொண்ட விளக்கம்தானே புராணம்? உண்மையான காரணம் தெரிந்தபின் அதன் வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

பள்ளியில் படித்தபடி சொன்னால் "ஆம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. உலகத்துப் புராணங்களை எல்லாம் மொத்தமாகப் பேசினால் உருப்படியாக எதுவும் தேறாது என்பதால் கிரகணத்தை எடுத்துக்கொள்கிறேன். கதை எப்போது வந்தது, உண்மைக் காரணம் எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு கதைக்கு என்ன ஆயிற்று என்று மூன்றையும் நூல் ஆதாரத்தோடு தொடரமுடிகிற விஷயம் அது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாற்கடலைக் கடைந்து எடுத்த அமுதத்தைத் தேவர்களுக்குப் பரிமாறும்போது சுவர்பானு என்ற அசுரன் வேடம் மாற்றி வரிசையில் உட்கார்ந்துவிடுகிறான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்கிறார்கள். திருமாலின் சக்கரம் தலையைச் சீவுகிறது. (நம் பக்கத்துக் கதைசொல்லிகள் சக்கரம்வரை போகமாட்டார்கள், மோகினி கையிலிருந்த அகப்பையாலேயே ஒரு போடு.) அமுதம் தொண்டைவரை போய்விட்டதால் தலைக்குச் சாவில்லை. அந்தத் தலைதான் ராகு. பழி தீர்க்க அவ்வப்போது சூரியனையும் சந்திரனையும் விழுங்குகிறது. பாரதத்தின் ஆதி பருவத்தில் உடல் கீழே விழுந்து பூமி அதிர்ந்ததோடு சரி. அந்த உடலைக் கேது என்று தனி ஆளாக்கியது பின்னால் நடந்தது.

இதை ஒரு விளக்கமாக மட்டும் வைத்து மதிப்பிட்டுப் பாருங்கள். விழுங்கிய சூரியன் ஏன் திரும்ப வெளியே வருகிறது? வாய் உண்டு, வயிறு இல்லை. தொண்டை வழியாக வந்துவிடுகிறது. அருமையான பதில். நட்சத்திரங்களை விட்டுவிட்டு இந்த இருவரை மட்டும் ஏன் பிடிக்கிறது? காட்டிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். இதுவும் சரி. ஆனால் சூரிய கிரகணம் அமாவாசையிலும் சந்திர கிரகணம் பௌர்ணமியிலும் மட்டும்தான் வருகிறது. அதுவும் எல்லா அமாவாசையிலும் வருவதில்லை. திதி பார்த்து வாழ்ந்த சமூகத்தில் இது கண்ணில் படாமல் போயிருக்காது. கிரகணத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வியே "எப்போது" என்பதுதான். கதை அதைத் தொடவே இல்லை.

விளக்கம் தருவதுதான் நோக்கமென்றால் இப்படி நடுக்கேள்வியை விட்டுவிட்டு ஓரத்துக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்வார்களா? எனக்குச் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் இதற்குப் பழைய சாட்சிகள் உண்டு. குறுந்தொகையின் 395-ஆம் பாட்டில் ஒருத்தி, "அரவு நுங்கு மதியினுக்கு இவணோர் போலக் களையார் ஆயினும்" என்கிறாள். பாம்பு விழுங்கும் நிலவை இங்குள்ளவர்கள் மீட்கமுடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல அவரும் என் துயரத்தைக் களையவில்லை, ஆனாலும் அவர் இருக்கும் இடத்துக்கே போவோம் என்பது பேச்சு. புறநானூறு 260-இல் மறவர் கையிலிருந்து மீட்கப்பட்ட ஆனிரைக்கு, பாம்பின் கூரிய பல்லிலிருந்து தப்பிய மதி உவமையாகிறது. குறள் 1146: "கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று." சந்தித்தது ஒரே நாள், பேச்சோ கிரகணம்போல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மூன்று இடத்திலும் கிரகணம் ஏன் வருகிறது என்று யாரும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. பாம்பு எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக, உவமைக்குக் கைகொடுக்கும் ஒன்றாக நிற்கிறது. ஒரு ஊரே அண்ணாந்து பார்க்கும் காட்சி, எதுவும் செய்யமுடியாத கையறு நிலை, பிறகு மீண்டு வரும் நிம்மதி. அந்தப் பாம்பு சொல்வது இவற்றைத்தான்.

இதைவிடப் பழைய ரிக்வேதத்தில் (5-ஆம் மண்டலம், 40-ஆம் பாட்டு) ராகு என்ற பெயரே இல்லை. சுவர்பானு சூரியனை இருளால் தாக்குகிறான். அத்திரி முனிவர் மந்திரத்தால் சூரியனைக் கண்டுபிடித்து மீட்கிறார். அத்திரி குடும்பத்தாருக்கு அந்த மந்திரம் கைவந்தது, வேறு யாராலும் முடியவில்லை என்று பாட்டு முடிகிறது. சூரியன் ஏன் மறைந்தது என்பதற்கு அரை வரிதான். யார் மீட்டார், யாருக்கு அந்த உரிமை என்பதற்குத்தான் இடம் அதிகம்.

இனிக் கணக்குப் பக்கம். கி.பி. 499-ல் ஆரியபட்டர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்: நிலா சூரியனை மறைக்கிறது, பூமியின் பெரிய நிழல் நிலாவை மறைக்கிறது. நிழலின் நீளம், நிலா இருக்கும் தூரத்தில் அதன் அகலம், மறைப்பு நீடிக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் அதே நூலில் வழி சொல்லியிருக்கிறார். ஆக, உண்மைக் காரணம் தெரிந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அடுத்த நூற்றாண்டில் வந்த வராகமிகிரர் இதை வாதமாகவே எடுத்துவைக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ராகு உடம்போடு, சீரான வேகத்தில் வானில் போகிறவன் என்றால், நூற்றெண்பது பாகை தள்ளி எதிரும் புதிருமாக இருக்கும் இருவரை எப்படிப் பிடிக்கிறான்? நினைத்தபடி திரிகிறவன் என்றால் அவன் வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு எப்படி முன்கூட்டிச் சொல்லமுடிகிறது? அடுத்து, கண்ணால் பார்த்தே சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறார். சந்திர கிரகணம் ஒருபோதும் நிலாவின் மேற்கு விளிம்பில் தொடங்குவதில்லை. சூரிய கிரகணம் ஒருபோதும் சூரியனின் கிழக்கு விளிம்பில் தொடங்குவதில்லை. நிலா நட்சத்திரங்களுக்கிடையே மேற்கிலிருந்து கிழக்காக நகர்கிறது. நிழலுக்குள் அது நுழையும்போது முன்னால் போகும் கிழக்கு விளிம்புதான் முதலில் இருளும். சூரியனை மறைக்க வரும்போது பின்னாலிருந்து வந்து மேற்கு விளிம்பைத்தான் முதலில் தொடும். நிலா கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும்போது தொடங்கும் சந்திர கிரகணத்தை நீங்களே கவனியுங்கள். கறுப்பு அடிப்பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். விழுங்க வருகிற தலை எந்தப் பக்கத்திலிருந்தும் கடித்திருக்கலாமே!

இப்படி ராகுவை வாதத்தில் தோற்கடித்தவர் அடுத்த மூச்சிலேயே, கிரகண நேரத்தில் கொடுக்கும் தானத்திலும் ஹோமத்திலும் ராகுவுக்கு ஒரு பங்கு உண்டு என்று பிரம்மா வரம் கொடுத்திருக்கிறார், அதனால் அந்த நேரத்தில் அவன் அங்கே இருக்கிறான் என்று எழுதுகிறார். 628-ல் நூல் எழுதிய பிரம்மகுப்தர் இன்னும் ஒருபடி மேலே போய், ராகு காரணமில்லை என்றவர்களைச் சாடுகிறார். ஆனால் அவர் நூலில் கிரகணக் கணக்கு நிழலை வைத்துத்தான் நடக்கிறது! 1030 வாக்கில் இதைப் படித்த பாரசீக அறிஞர் அல்பெரூனிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் இப்படிப் பேசுகிறார், சாக்ரட்டீசுக்கு நேர்ந்த மரண தண்டனை தனக்கும் நேர்ந்துவிடும் என்று பயந்திருப்பாரோ என்று ஊகிக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் ஒரு சமரசம் செய்துவைத்தார்: ராகு பூமியின் நிழலுக்குள் புகுந்துகொண்டு நிலாவை மறைக்கிறான், நிலாவுக்குள் புகுந்துகொண்டு சூரியனை மறைக்கிறான். கதைக்கும் குறைவில்லை, கணக்குக்கும் பங்கமில்லை.

அல்பெரூனி சொன்ன பயம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அது மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. ராகுவை எடுத்துவிட்டால் இவர்களுக்குக் கிரகணக் காரணம் எதுவும் நட்டமில்லை. நட்டமாவது அந்த நேரத்துக்குரிய முழுக்கு, தர்ப்பணம், தானம். அந்த நேரம் சாதாரண நேரமில்லை, என்ன செய்யவேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்தது கதைதான். நிழலின் அகலத்தை அறிந்தவருக்கும் அந்தத் தேவை இருந்தது.

இதற்கு நடுவில் ராகுவுக்கு இன்னொரு வேலையும் கிடைத்துவிட்டது. நிலாவின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று சாய்த்து வைத்த இரண்டு வளையல்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவை இரண்டே இடங்களில், நேரெதிரே வெட்டிக்கொள்ளும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த வெட்டுப்புள்ளிகளுக்கு அருகில் நடந்தால்தான் கிரகணம். மற்ற மாதங்களில் நிலா நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். அந்தப் புள்ளிகளும் நிலையாக நிற்பதில்லை, சுமார் 18.6 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று, அதுவும் கிரகங்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்கின்றன.

ஜாதகம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ராகு, கேது எப்போதும் ஒன்றுக்கொன்று ஏழாம் இடம், அதாவது நேரெதிர். எப்போதும் பின்னோக்கித்தான் நகரும். ஒரு ராசியில் ஒன்றரை ஆண்டு. 18.6-ஐ 12 ராசிக்குப் பங்கு போட்டால் வருவது அதே ஒன்றரை ஆண்டுதான். வெட்டுப்புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "சாயா கிரகம்" என்று ஜோதிடர்கள் சொல்வதும் கண்ணுக்குத் தெரியும் பொருள் அங்கே எதுவும் இல்லை என்பதால்தான்.

நீங்களே ஒருமுறை சரிபார்க்கலாம். 2025-ல் ராகு மீனத்திலிருந்து கும்பத்துக்கும் கேது கன்னியிலிருந்து சிம்மத்துக்கும் பெயர்ந்தன. வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஏப்ரல் 26, திருக்கணிதத்தில் மே 18. அதே ஆண்டு செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. முழு மறைப்பு மட்டும் 82 நிமிடம். அன்று நிலா இருந்தது கும்பத்தில், ராகுவுக்குச் சில பாகை தள்ளி. சூரியன் சிம்மத்தில், கேதுவோடு. ஆறு மாதம் கழித்து 2026 மார்ச் 3 சந்திர கிரகணத்தில் சூரியன் ராகு பக்கம், நிலா கேது பக்கம். கதை விட்டுவிட்ட "எப்போது" என்ற கேள்விக்கு, கதையிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டு கணிதம் பதில் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "அப்படியானால் முன்னோர்கள் வெட்டுப்புள்ளி, பின்னோக்கிய நகர்வு எல்லாவற்றையும் முதலிலேயே தெரிந்துகொண்டு, பாமரருக்காக அமுதக் கதையில் ஒளித்துவைத்தார்கள்" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. இருளால் தாக்கும் சுவர்பானு முதலில். விழுங்கும் தலை அதற்குப் பின். வெட்டுப்புள்ளியின் கணக்கு அதற்கும் வெகு பின். கேதுவே நல்ல சாட்சி. வராகமிகிரரின் நூலில் கேதுவைப் பற்றிய அத்தியாயம் வால்நட்சத்திரங்களைப் பற்றியது. ஒரு பெயர் சும்மா கிடந்தது, இரண்டாவது புள்ளிக்கு அது மாற்றப்பட்டது. புராணத்தை அரைகுறை அறிவியல் என்று தள்ளுகிறவரும் மறைத்துவைத்த அறிவியல் என்று கொண்டாடுகிறவரும் செய்வது ஒரே தவறுதான். இருவரும் அதை அறிவியலாகத்தான் படிக்கிறார்கள்.

கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் காரணம் தெரிந்து போட்டார்கள் என்றும் நினைக்கவேண்டாம். இதற்குப் புதுச்சேரியில் இரண்டு சம்பவங்கள். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல், 1769 ஜூனில் மேகம் மூடி ஏமாந்துபோனார். ஆனால் அங்கே இருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அந்தத் தமிழர் அவர் கண்முன்னே கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடிதான் குறைந்தது. அன்று ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கணக்கிட்டால் 68 விநாடி கூடியது. அரை நூற்றாண்டு கழித்து ஜான் வாரன் என்ற அதிகாரி அதே ஊரில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு 1825 மே 31 இரவுக் கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை. நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். சித்தாந்தம் எனப்படும் வானியல் நூல்களின் கோட்பாடு அவருக்கு ஒன்றும் தெரியாது, நினைவாற்றலோ அபாரம் என்று வாரன் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வாக்கியங்கள் எப்படிப்பட்டவை? நிலாவின் தினசரி நகர்வுக்கு வரருசியின் பெயரில் 248 வாக்கியங்கள் உண்டு. முதல் வாக்கியம் "கீர் ந: ச்ரேய:". எழுத்துகளுக்கு எண் மதிப்பு: வடமொழியின் க வரிசையில் மூன்றாவதான 'க' (ga) 3, 'ந' 0, 'ர' 2, 'ய' 1. வலமிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). நிலா மிக மெதுவாகப் போகும் இடத்திலிருந்து ஒரு நாளில் நகரும் தூரம் அது. இப்படி 248 நாள். அதற்குள் நிலாவின் வேகம் ஒன்பது முறை ஏறி இறங்கி, பழைய இடத்துக்கு வந்துவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

ஆக ஒரே நிலாவைச் சுற்றி மூன்று விதமான அறிவு இருந்திருக்கிறது. காரணம் சொன்ன ஆரியபட்டர். காரணம் தெரியாமலே நேரம் சொன்ன பஞ்சாங்கக்காரர். காரணமும் நேரமும் சொல்லாத, ஆனால் என்ன செய்யவேண்டும் என்று சொன்ன கதை. மூன்றில் ஒன்று வந்ததால் இன்னொன்று சாகவில்லை.

மானிடவியலில் இந்தச் சண்டை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்வர்ட் டைலரும் ஜேம்ஸ் ஃபிரேசரும் உங்கள் கேள்வியில் இருக்கும் கருத்தைத்தான் சொன்னார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கி ஆராய்ந்த மலினோவ்ஸ்கி, புராணம் ஆர்வத்தைத் தீர்க்கப் பிறந்த விளக்கமில்லை, ஒரு சமூகத்தின் வழக்கங்களுக்கும் உரிமைகளுக்கும் அது பத்திரம் மாதிரி என்றார். அத்திரி பாட்டை வைத்துப் பார்த்தால் மலினோவ்ஸ்கி பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. ஆனால் நிலாவில் முயல் ஏன் இருக்கிறது, அணிலுக்கு ஏன் மூன்று கோடு என்ற மாதிரிக் கதைகளுக்கு டைலரே போதும்.

ஜப்பானில் நிலநடுக்கத்துக்கு மண்ணடியில் கிடக்கும் ராட்சதக் கெளுத்தி மீன் காரணம். காஷிமா தெய்வம் ஒரு கல்லால் அதை அழுத்திவைத்திருக்கிறது. 1855 நவம்பரில் எடோ நகரம், இன்றைய தோக்கியோ, நிலநடுக்கத்தில் சிதைந்தது. அவர்கள் நாட்காட்டியில் அது தெய்வங்கள் எல்லாம் ஊரைவிட்டு இசுமோ என்ற தலத்துக்குப் போய்விடும் பத்தாம் மாதம். உடனே அச்சுப் படங்கள் குவிந்தன. காஷிமா ஊரில் இல்லை, காவலுக்கு விட்டுப்போன எபிசு என்ற தெய்வம் தூங்கிவிட்டார் என்று ஒரு படம். கெளுத்தியை உதைக்கும் மக்கள் ஒரு படத்தில். வீடு கட்டும் வேலை பெருகியதால் அதே கெளுத்தியோடு கொண்டாடும் தச்சர்கள் இன்னொன்றில். புவியியல் விளக்கம் தேடி யாரும் அவற்றை வாங்கியிருக்கமாட்டார்கள். பணக்காரன் வீடும் இடிந்ததைப் பார்த்துச் சிரிக்கவும், அரசைக் குத்திக்காட்டவும் அந்த மீன் உதவியது.

காரணம் பற்றிக் கவலையே படாத கதைகளும் உண்டு. சுமத்ராவுக்கு அருகில் சிமெலுவே தீவில் 1907-ல் கடல்கோள் வந்து பலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதை "ஸ்மோங்" என்று பெயரிட்டுத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிவந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26-ல் நடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவின் ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். நிலநடுக்கத்துக்குப் புவித்தட்டுகளின் நகர்வே காரணம் என்று தெரிந்தவர்கள் நிறைந்த நம் கடற்கரையில், நாகப்பட்டினத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. அப்படி ஒரு கதை நம்மிடம் இல்லாமல் போனதற்குக் காரணம் எளிது. நம் கரையில் நினைவில் நிற்கும்படி முந்தைய அலை எதுவும் அண்மைத் தலைமுறைகளில் வரவில்லை.

இதனால் புராணம் சொல்வதையெல்லாம் கும்பிட்டு ஏற்கவேண்டும் என்று பொருள் கொள்ளாதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் கதை, தவறாகவும் சொல்லும். கிரகண நேரத்தில் கர்ப்பிணியைச் சாப்பிடவிடாமல், தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் இருட்டறையில் உட்காரவைப்பது இன்றும் நடக்கிறது. நிழலால் வயிற்றுப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பட்டினியால் தாய்க்கு ஆகும். தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி "கிரகணம் பிடித்திருக்கிறது பார்" என்பார்கள். அடி தட்டையான உலக்கை எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும், நிறுத்துகிறவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தும் நேரத்தில் ராகு கேது தலமான காளஹஸ்தியில் நடை திறந்தே இருப்பது மட்டும் எனக்கு எப்போதும் சுவாரசியம். ஒரே கதையிலிருந்து நேரெதிரான இரண்டு வழக்கங்கள் வருகின்றன.

எனவே ஒரு புராணத்தைப் பார்த்ததும் "இது எந்த இயற்கை நிகழ்வை விளக்குகிறது" என்று மட்டும் கேட்காதீர்கள். உண்மைக் காரணம் தெரிந்தவர்கள் அதே ஊரில் இருந்தார்களா, தெரிந்தபின்னும் அவர்கள் ஏன் கதையைக் கைவிடவில்லை, கதையைக் கேட்டவர்கள் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். ராகுவைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பதில் 499-லேயே கிடைத்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் நூல்களில் இருப்பதைவிட நல்ல பதில் கிடைக்கக்கூடும். அடுத்த கிரகணத்துக்குத் தர்ப்பை எடுத்துவைக்கும்போது கேட்டுப் பாருங்கள்.